ஜுமாகாதீர் முறைப்படி புற்று பெயர்த்தல்

கோங்குர்-சாய் என்ற எங்கள் மலையூரில் செயில்கானின் வாய்க்குத் தப்பியவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவளுடைய மாமியார். இவள் வாக்கப்பட்டு வருவதற்கு முன்பே செத்துப்போனார். இன்னொருவர் தபால்காரர், அவருக்குக் காது கேட்காது. மீதி ஊர் முழுவதும் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான். முல்லா ஒருமுறை, தலைமையாசிரியர் மூன்று முறை, லாரி ஓட்டும் கணவன் வீட்டில் இருக்கும் நாளெல்லாம்.

வனப் பண்ணையில் அவளுக்கு எறும்புக் காவல் உத்தியோகம். சிரிக்க வேண்டாம், சம்பளச் சீட்டில் அப்படித்தான் போட்டிருந்தது. சிவப்பு எறும்புகள் ஊசியிலைச் சருகைக் குவித்து இடுப்பளவுக்குப் புற்று எழுப்பும். அதை மாடு மிதிக்காமல், கரடி கிளறாமல், மூட்டுவலிக்காரர்கள் நாசம் பண்ணாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கரடிகூடப் பரவாயில்லை. மூட்டுவலிக்காரர்கள்தான் தொல்லை. சட்டையைக் கழற்றிப் புற்றின்மேல் விரித்து, எறும்பு பீய்ச்சும் புளிப்பு நீரில் நனைத்து, உதறி மாட்டிக்கொண்டால் வலி போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. நாலு ஊர் தள்ளியிருந்தெல்லாம் வருவார்கள்.

"உங்க முட்டி நடந்து தேயலய்யா, உக்காந்து உக்காந்து துருப்பிடிச்சுப் போச்சு," என்பாள் செயில்கான். "எறும்பு மூத்திரம் எதுக்கு? மண்ணெண்ணெய் போடுங்க."

எறும்புகளைக் காவல் காத்தாளே தவிர, அவற்றின்மேல் அவளுக்கு மரியாதை கிடையாது. பள்ளிக்கூடச் சுவரில் எறும்பு படம் வரைந்து 'உழைப்பை இதனிடம் கற்றுக்கொள்' என்று எழுதி வைத்திருந்தார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "பக்கத்துல உக்காந்து பாத்திருக்கானா இதை எழுதினவன்? ஒரு சருகை நாலு எறும்பு நாலு பக்கமா இழுக்குது. சாயங்காலம் வரைக்கும் இழுத்துட்டு அங்கயே போட்டுட்டுப் போகுது. அப்படியே நம்ம பண்ணை ஆபீஸ்தான்."

அந்த ஆபீஸின் தலைவர் ஜுமாகாதீர். உயரமான ஆள், அழகான மீசை, யார் பேசினாலும் முடிவில் "அதைத்தான் நானும் சொன்னேன்" என்று முடிக்கும் வழக்கம். கூட்டத்தில் யாராவது ஒரு நல்ல யோசனையைச் சொல்லி முடிப்பதற்குள் அது அவருடையதாகிவிடும். சொன்னவனே கடைசியில் எழுந்து அவருக்குக் கை தட்டிவிட்டு உட்காருவான். அதற்கும் ஒரு திறமை வேண்டும், இல்லையென்று சொல்லவில்லை.

ஊரில் செயில்கான் மதித்தது ஒன்றே ஒன்றைத்தான்: ஊருக்கு மேலே நிற்கும் வடசரிவுக் காடு. அவளுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது மேல்பள்ளத்தாக்கில் சுரங்கத்துக்குத் தூண் வேண்டுமென்று ஒரு சரிவை மொட்டையடித்தார்கள். மூன்றாம் வருஷம் ஜூன் மழையில் அந்தச் சரிவு சேறும் பாறையுமாகக் கிளம்பி வந்தது. பதினோரு வீடு போயிற்று. அவளுடைய அம்மா ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த சமையலறை போயிற்று. அம்மா வெளியே விறகெடுக்கப் போயிருந்தாள். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த இரண்டு வயதுத் தம்பி அகப்படவே இல்லை. மிஞ்சியவர்கள் கீழே இறங்கிவந்து இந்த வடசரிவுக்கு அடியில் வீடு கட்டினார்கள், காடு இருக்கிறது என்ற தைரியத்தில். அன்றிலிருந்து மரத்தில் கோடாலிச் சத்தம் கேட்டால் செயில்கான் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு எழுந்து சரிவைப் பார்ப்பாள். அந்தச் சத்தத்தைப் பற்றி மட்டும் அவள் கேலி பேசியதே இல்லை.

எழுபத்தைந்தாம் வருஷம் வடசரிவில் பட்டைப்புழு விழுந்தது. மரத்தின் பட்டைக்கடியில் நுழைந்து உள்பட்டையை அரிக்கும் சனியன். ஒரே கோடையில் சரிவின் கால்வாசி செந்நிறமாயிற்று. மாவட்டத்திலிருந்து உத்தரவு வந்தது: மொத்தச் சரிவையும் வெட்டி எரித்துவிடுங்கள், நோய் பரவக்கூடாது. கீழே முப்பத்தொன்பது வீடு இருக்கிறதே என்று அந்தக் காகிதம் கேட்கவில்லை. காகிதத்துக்கு வீடு தெரியாது.

சிவப்பு எறும்பு பட்டைப்புழுவைத் தின்னும் என்று கூட்டத்தில் எழுந்து சொன்னவள் செயில்கான்தான். பக்கத்துப் பள்ளத்தாக்கில் புற்றுகள் நிறைய இருக்கின்றன, நாற்பது புற்றைப் பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே வைத்தால் சரிவைக் காப்பாற்றிவிடலாம் என்றாள்.

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்," என்றார் ஜுமாகாதீர்.

அவர் எழுதிப் போட்டு, இரண்டு வருஷத் தவணை வாங்கினார். எழுபத்தேழு ஜூனில் ஒரு குழு வந்து பார்க்கும். புற்றுகள் உயிரோடு இருந்தால் காடு நிற்கும். இல்லையென்றால் ரம்பம் வரும்.

புற்று பெயர்ப்பது விளையாட்டில்லை. சருகு, மண், ராணி, முட்டை, புழு எல்லாவற்றையும் சாக்கில் அள்ளி, வெயிலேறுவதற்குள் குதிரை வண்டியில் கொண்டுவந்து, பழைய மரக்கட்டையைச் சுற்றிக் கொட்டி, சர்க்கரைப் பாகு தெளிக்க வேண்டும். எறும்புக்கு வந்த சர்க்கரையில் பாதி தேநீரில் கரைந்தது வேறு கதை. இருபது பெண்கள் வேலைக்கு வந்தார்கள். எல்லாருக்கும் செயில்கான் மேஸ்திரி.

முதல் புற்றைக் கிளறியதுமே அவள் ஒன்றைக் கவனித்தாள். புற்று உடைந்தால் எறும்புகள் குழந்தை குட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஓடும். ஆனால் எல்லாவற்றையும் ஒரே மாதிரி தூக்கவில்லை. அரிசி மாதிரி சின்ன முட்டைகள் வெயிலில் கிடந்து காய்ந்தன. சில வெள்ளைப் புழுக்கள் மட்டும், ஆறு காலோடு, தொப்பையும் தொந்தியுமாக, தலையை ஆட்டிக்கொண்டு கிடந்தன. எறும்புகள் பாய்ந்து பாய்ந்து முதலில் அவற்றைத்தான் தூக்கின. ஓடுகிற ஓட்டத்திலும் நின்று வாயோடு வாய் வைத்து ஊட்டின.

இங்கேதான் செயில்கான் கோட்டை விட்டாள். எங்கள் ஜனங்கள் யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். எங்கள் வீடுகளில் ஆடு வெட்டினால் எந்த எலும்பு யாருக்கு என்பதில் பிசகே கிடையாது. தலை பெரியவருக்கு, தொடையெலும்பு அதற்கடுத்தவருக்கு, அப்படியே வரிசையாக இறங்கி வாசற்படிக்குப் பக்கத்தில் இருப்பவனுக்கு விலா. முன்பின் தெரியாத வீட்டுக்குள் நுழைந்தாலும் தட்டைப் பார்த்தே யார் பெரிய மனுஷன் என்று சொல்லிவிடுவோம். முதலில் யாருக்குப் போகிறதோ அவர்தான். இதில் சந்தேகப்பட யாருக்கும் தோன்றாது.

"பாருங்கடி," என்றாள் செயில்கான். "எதை முதல்ல தூக்குது? எதுக்கு முதல்ல ஊட்டுது? இதுங்கதான் ராணியோட பிள்ளைங்க. நாளைக்கு ராணி ஆகப்போறதுங்க. இதுங்களைத் தனியா பொறுக்கி, கம்பளி போட்ட கிண்ணத்துல வைங்க. ஒவ்வொரு புதுப் புற்றுக்கும் நடுவுல ஆறு ஆறா வைக்கணும். ஆறுக்குக் குறையக்கூடாது."

ரிஸ்குல் என்ற பெண், செயில்கானைவிடப் பத்து வயது இளையவள், "எஜே" என்று அக்கா முறை வைத்து மரியாதையாகக் கூப்பிட்டாலும் கேள்வி கேட்காமல் இருக்கமாட்டாள். "எஜே, எறும்புப் புழுவுக்குக் கால் கிடையாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது கூலிக்கார எறும்போட பிள்ளைக்கு. ராணி பிள்ளைக்குக் கால் இருக்கும். அதுங்க நடந்து பழகணும்ல?"

ரிஸ்குல் ஒப்புக்கொண்டாள். செயில்கான் ஒன்றைச் சொன்னால் ஒப்புக்கொள்வதுதான் உடம்புக்கு நல்லது.

நாற்பது புற்றும் நட்டு, நடுவில் ஆறு ஆறு புழுவும் வைத்து முடித்தார்கள். ஆகஸ்டில் வட்டாரச் செய்தித்தாளில் படத்தோடு கட்டுரை வந்தது. 'ஜுமாகாதீர் முறை: ராணிக் குஞ்சுகளைத் தனியே பொறுக்கி நடும் புதுமை'. படத்தில் ஜுமாகாதீர் கம்பளிக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டு தொலைவில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். செயில்கானின் முழங்கை மட்டும் ஓரத்தில் தெரிந்தது.

அவள் நேரே ஆபீசுக்குப் போனாள்.

"பைகே," என்று அண்ணன் முறை சொல்லித்தான் ஆரம்பித்தாள். "இது யாரோட முறை?"

"பண்ணையோட முறைம்மா. பண்ணைக்குத் தலைவர் யாரு?"

"அப்ப என் புருஷன் லாரி ஓட்டறதும் உங்க முறைதானா? நான் ரெண்டு பிள்ளை பெத்தனே, அது?"

ஆபீசில் இருந்தவர்கள் சிரிப்பை அடக்கமுடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஜுமாகாதீருக்கு முகம் சிவந்தது, ஆனால் மறுப்புச் செய்தி போடவில்லை. செயில்கான் அந்தக் கட்டுரையை வெட்டி வைத்துக்கொண்டாள். ஒருநாள் இந்த ஆளை ஊர் நடுவே நிறுத்தி உரித்துத் தொங்கவிட வேண்டும் என்று மனதுக்குள் கறுவினாள்.

அடுத்த வசந்தத்தில் பனி கரைந்ததும் புற்றுகளைப் பார்க்கப் போனவளுக்குத் திக்கென்றது. நிமிர்ந்து நிற்கவேண்டிய புற்றுகள் குந்திப் போயிருந்தன. எறும்புக் கூட்டத்தில் ஒரு புது ரகம் தெரிந்தது. வெளிறிப்போய், முதுகு கூனி, ராணியுமில்லாமல் கூலியுமில்லாமல், சும்மா உட்கார்ந்துகொண்டு ஊட்டச்சொல்லிக் கேட்கும் ஜன்மங்கள். ஒரு சருகைக்கூட நகர்த்தவில்லை. பட்டைப்புழுவோ கொண்டாட்டமாக அடுத்த வரிசை மரங்களுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"எஜே, போன வருஷம் நாற்பது புற்றுல ஆறு ஆறு ராணிப் பிள்ளைங்க வெச்சோமே, ராணிங்க எல்லாம் எங்க?" என்று ரிஸ்குல் கேட்டாள்.

"காட்டறேன், பொறு," என்றாள் செயில்கான். ஜூனில் ஒரு கொழுத்த புழுவைப் பிடித்து ஜாம் பாட்டிலில் மண்ணும் பத்துப் பதினைந்து எறும்பும் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனாள். ராணி பிறந்ததும் அத்தனை பேரையும் கூப்பிட்டுக் காட்டி வாயடைக்க வேண்டும். புழு மண்ணுக்குள் இறங்கியது. பிறகு வைக்கோல் அறுப்பு வந்தது, பாட்டில் மாவுச் சாக்குக்குப் பின்னால் போயிற்று, அவளுக்கு அந்த ஞாபகமே இல்லை.

ஆகஸ்டில் மாவு எடுக்கும்போது பாட்டில் கையில் தட்டுப்பட்டது. செத்தது போக நாலு எறும்பு மிச்சம். அவற்றுக்கு நடுவே ஒரு பழுப்பு வண்டு. தட்டையாக, அகலமாக, வால் பக்கத்தை மேலே தூக்கிக்கொண்டு நின்றது. இரண்டு விலாவிலும் பொன்னிற மயிர்க் கொத்து. அந்த நாலு எறும்பும் பட்டினியில் காலை இழுத்துக்கொண்டு வந்து அந்த மயிரை நக்கின. நக்கிவிட்டு, தங்கள் வயிற்றில் கடைசியாக இருந்ததையும் கக்கி அதற்கு ஊட்டின.

செயில்கான் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். அடுத்த நாளே மேலே போய் ஒரு புற்றருகே குப்புறப் படுத்துப் பகல் முழுக்கப் பார்த்தாள். கூனெறும்புகளுக்கு நடுவில் அதே வண்டுகள் நாலைந்து வாலைத் தூக்கிக்கொண்டு உலவின. எறும்புகள் வரிசையில் நின்று நக்கின. அப்புறம் அவளுக்கு எல்லாம் விளங்கியது. இந்தக் கொழுத்த புழுக்கள் வண்டின் பிள்ளைகள். முட்டைக் குவியலில் கிடந்துகொண்டு எறும்பு முட்டையைத் தின்று வளர்கின்றன; தப்பிய எறும்புப் பிள்ளை ஊட்டமில்லாமல் சவலையாகிக் கூனெறும்பாகிறது. எறும்புகளோ இதற்குத்தான் முதல் கவளம் ஊட்டுகின்றன. அந்த மதிகெட்ட எறும்புகள் ஏமாந்தது போதாதென்று, எங்கள் செயில்கான் கம்பளிக் கிண்ணத்தில் வைத்து வீடு வீடாகக் கொண்டுபோய் ஆறு ஆறாகக் குடிவைத்துவிட்டு வந்திருக்கிறாள். குறையக்கூடாது என்று அதட்டி வேறு.

ஊரையே முட்டாள் என்று சொல்லித் திரிந்தவளுக்கு அன்றைக்கு முகத்தைக் கழுவக்கூடக் கூச்சமாக இருந்தது. பாட்டிலைத் திறந்து வண்டைக் குதிகாலால் நசுக்கினாள். யாரிடமும் சொல்லவில்லை. அவளுக்கு வாய் நீளம் என்றால், வீம்பு அதைவிட நீளம்.

செப்டம்பரிலேயே பனி விழுந்து புற்று மூடிக்கொண்டது. குளிரில் கிளறினால் மொத்தமும் சாகும். மே கடைசி வரை காத்திருந்து, பனி விலகியதும், மற்றவர்கள் வேலைக்கு வருவதற்கு முன் விடியற்காலையில் மாவுச் சல்லடையும் ஒரு வெள்ளைத் துணியுமாக மேலேறினாள். புற்றை அள்ளிச் சலித்து, துணியில் விழும் வண்டையும் கொழுத்த புழுவையும் பொறுக்கிக் கொன்று, மிச்சத்தைத் திரும்ப வைத்தாள். ஒரு நாளைக்கு ஒரு புற்றுதான் முடிந்தது. கையெல்லாம் கடித்து வீங்கியது.

பதினாறாவது புற்றில் ரிஸ்குல் பின்னால் வந்து நின்றாள்.

"என்ன எஜே, எறும்புக்கு ரொட்டி சுடப் போறீங்களா?"

செயில்கான் நிமிராமல் எல்லாவற்றையும் சொன்னாள். ரிஸ்குல் முதலில் வாயைப் பிளந்தாள், பிறகு சருகில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நீங்களா? எஜே, நீங்களா? ஆறுக்குக் குறையக்கூடாதுன்னு என் காதைத் திருகினீங்களே!"

"சிரி. சிரிச்சு முடிச்சிட்டுச் சல்லடையைப் பிடி."

சிரித்து முடித்த ரிஸ்குலுக்குத் திடீரென்று பொறி தட்டியது. "எஜே, இருங்க. பேப்பர்ல இது யாரோட முறைன்னு போட்டிருந்தது?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செயில்கானின் முகத்தில் ஒன்பது மாதமாகக் காணாமல் போயிருந்த களை திரும்பி வந்தது. படத்தோடு, கிண்ணத்தோடு, பெரிய எழுத்தில், ஜுமாகாதீர் முறை. அவரே தேடிப்போய் மாட்டிக்கொண்ட கழுத்துச் சுருக்கு. கயிற்றை இழுப்பது ஒன்றுதான் பாக்கி.

"குழு வரட்டும்," என்றாள் செயில்கான். "அத்தனை பேர் முன்னாடியும் ஒரு புழுவைக் கையில வெச்சு, இது யாரு பிள்ளைன்னு கேக்கறேன் அந்த மீசையை."

"சொன்னா வேலை கெட்டுடாதா எஜே? காட்டை வெட்டிடுவாங்களே."

"உண்மையைச் சொன்னா இன்னும் ஒரு வருஷம் குடுப்பாங்கடி. நோய் தெரிஞ்சு போச்சு, மருந்தும் தெரிஞ்சு போச்சுன்னு சொல்லப்போறேன். படிச்சவங்களுக்குப் புரியாதா?"

படிச்சவர்கள் மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. அதற்கு முன்னும் பின்னும் அவளிடம் அப்படி ஒன்று இருந்ததில்லை.

ஜூன் நடுவில் குழு வந்தது. மூன்று பேர். தலைவர் தலைநகரத்துப் பேராசிரியர், இஸ்காகோவ். மலையேறியதில் மூச்சு வாங்கியது, அதற்கே காட்டின்மேல் கோபமாக இருந்தார். கையில் ஒரு தோல்பை. சலித்து முடித்த பதினாறு புற்றும் புண் ஆறிக்கொண்டிருக்கும் உடம்பு மாதிரி அடங்கிக் கிடந்தன. சலிக்காதவை குந்திப்போயிருந்தன. பேராசிரியர் ஒரு குச்சியால் இரண்டு மூன்றைத் தட்டிப் பார்த்தார்.

"எங்கய்யா உயிர்? சருகு மேடு காட்டறதுக்கா என்னை இவ்வளவு தூரம் ஏத்துனீங்க?"

"கொஞ்சம் பொறுங்க ஐயா, வெயில் ஏறணும்..." ஜுமாகாதீரின் மீசை வியர்த்தது.

"எனக்குப் பொறுக்கறதுக்கு நேரமில்ல. மூணு மணிக்கு வண்டி." பேராசிரியர் தோல்பையைத் திறந்து ஒரு காகிதத்தை எடுத்தார். வெட்டும் உத்தரவு. முத்திரை ஏற்கெனவே குத்தியிருந்தது, கையெழுத்து மட்டும் பாக்கி. பேனாவைத் திறந்து, காகிதத்தை வைத்து எழுதப் பக்கத்திலிருந்தவரின் முதுகைத் தேடினார்.

செயில்கான் அந்த முத்திரையைப் பார்த்தாள். ஒரு வருஷம் கொடுக்க வந்த ஆள் இல்லை இவர். இன்னொரு வார்த்தை பேசினால் அந்த வார்த்தையையே காரணமாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு மூன்று மணி வண்டியைப் பிடிப்பார். கீழே பள்ளத்தாக்கில் புகைபோக்கிகள் புகைந்துகொண்டிருந்தன. அவள் வீட்டில் சின்ன மகன் தூங்கிக்கொண்டிருந்தான்.

"ஐயா," என்றாள். குனிந்து, சலிக்காத புற்று ஒன்றை இரண்டு கையாலும் பிளந்தாள்.

உள்ளே கொதித்தது. எறும்புகள் நாலாபக்கமும் பாய்ந்தன. கொழுத்த புழுக்கள் பத்துப் பன்னிரண்டு வெயிலில் தலையை ஆட்டின. எறும்புகள் விழுந்தடித்துக்கொண்டு அவற்றைத் தூக்கி ஓடின, ஓடிக்கொண்டே ஊட்டின. கூட வந்தவர்களும் ஜுமாகாதீரும் முட்டி போட்டார்கள், பேராசிரியரும் பேனாவை மூடாமலே முட்டி போட்டார். வாயில் ஈ போவது தெரியவில்லை.

"அடடா! எவ்வளவு ஆரோக்கியமான குஞ்சுங்க! இந்தக் கொழுகொழு குஞ்சு என்ன, ராணி வம்சமா?"

ரிஸ்குல் மூச்சைப் பிடித்துக்கொண்டு செயில்கானைப் பார்த்தாள். ஜுமாகாதீர் நெஞ்சை நிமிர்த்தினார். "ஐயா, இது என்னோட முறை. பேப்பர்லகூட வந்தது. ஒவ்வொரு குஞ்சையும் நானே பொறுக்கி நடவெச்சேன்."

இதைவிட நல்ல தருணம் எந்தப் பெண்ணுக்கும் வாய்த்திருக்காது. வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. மூன்று படித்த முட்டாள்களும் ஒரு மீசை முட்டாளும் வண்டுக் குஞ்சைப் பார்த்து உருகிக்கொண்டு வரிசையாக மண்டியிட்டிருந்தார்கள். ஒரே வாக்கியம். நாலு பேரும் ஒரே அடியில் விழுவார்கள், காடும் கூடவே விழும்.

"ஆமாங்க," என்றாள் செயில்கான். "ராணியோட பிள்ளைங்கதான். இவ்வளவு கொழுப்பா வேற எங்கயும் பாக்க முடியாது. தலைவரோட முறை அப்படி."

"இந்தச் சின்னச் சின்ன வெள்ளை, அரிசி மாதிரி கிடக்குதே? அதை ஒண்ணும் தூக்கக் காணோமே?"

எறும்பின் சொந்த முட்டைகள் அவர் முழங்காலுக்குப் பக்கத்தில் வெயிலில் சுருங்கிக்கொண்டிருந்தன.

"அது குப்பைங்க," என்றாள்.

அதற்குப் பிறகு பேராசிரியர் கால் மணி நேரம் தாய்ப்பாசத்தைப் பற்றிப் பேசினார். ஐந்தறிவு ஜீவனுக்கு இருக்கிற பொறுப்பு நமக்கு இல்லை என்று செயில்கானைப் பார்த்தே சொன்னார். அவள் தலையாட்டினாள். அவர் வெட்டும் உத்தரவை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, வேறொரு தாளில் 'நிலைமை மிகச் சிறப்பு, மரம் வெட்டத் தடை' என்று எழுதி, குனிந்த முதுகில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். முதுகு ஜுமாகாதீருடையது. அந்த இலையுதிர் காலத்தில் அவருக்குப் பதக்கம் வந்தது.

செயில்கான் மறுநாளிலிருந்து சல்லடையைத் தூக்கினாள். ரிஸ்குலும் சேர்ந்துகொண்டாள். மிச்சமிருந்த இருபத்துநாலு புற்றையும் சலித்தார்கள். அடுத்த வருஷம் மறுபடி நாற்பதையும். அதற்கடுத்த வருஷமும். புற்றுகள் மெல்ல நிமிர்ந்தன. இதற்கிடையில் ஒரு குளிர்காலம் மலையடி ஏரியின் கரையைக்கூட உறைய வைத்தது. பட்டைப்புழு பாதி அதில் செத்தது, மீதியை எறும்பு தின்றது. எவ்வளவு குளிர், எவ்வளவு எறும்பு என்று யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் மட்டும் எல்லாம் ஜுமாகாதீர் முறை என்று பாடம் நடந்தது. கேட்டுக்கொண்டு வந்து அவளுடைய சின்ன மகனே வீட்டில் ஒப்பித்தான். அவள் எழுந்துபோய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள்.

இருபது வருஷம் கழித்து, பண்ணையும் போய், அதை நடத்திய பழைய நாடும் உடைந்துபோய், ஜுமாகாதீரின் எழுபதாவது பிறந்தநாள் வந்தது. ஆட்டிறைச்சியும், எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டியும், புளித்த குதிரைப்பால் குமிஸுமாக ஊரே அவர் வீட்டில் கூடியது. அவர் கோட்டில் பதக்கம் தொங்கியது. விருந்தாளிகளில் நுர்ஜமால் என்று ஒரு பல்கலைக்கழக மாணவி. ஒரு மாதமாக எங்கள் காடுகளில் புற்றுகளை ஆராய்ந்துகொண்டிருந்தவள். யாரோ கேட்டார்கள், அங்கே அப்படி என்னதான் பார்க்கிறாய் என்று. அவள் பையிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாயை எடுத்துக் காட்டினாள். உள்ளே வாலைத் தூக்கிய பழுப்பு வண்டு.

"இது எறும்புப் புத்துக்குள்ள இருக்கிற வண்டு. இதோட புழு எறும்பு முட்டையைத் தின்னும். எறும்புங்க தன் பிள்ளையை விட்டுட்டு இதைத்தான் முதல்ல தூக்கிக் காப்பாத்தும். பக்கத்துப் பள்ளத்தாக்குல எல்லாப் புத்துலயும் இருக்கு. ஆனா உங்க வடசரிவுல ஒண்ணுகூட இல்ல. ஏன்னே புரியல."

குழாய் கைக்குக் கை மாறியது. பிறகு தலைமையாசிரியருக்கு மெல்ல உறைத்தது. "முதல்ல தூக்கற கொழுத்த புழுவா? அப்ப நாங்க பாடம் நடத்தினோமே, ஆறு ஆறா பொறுக்கி நட்டது... ராணிக் குஞ்சு... ஜுமாகாதீர் முறை..."

எல்லாக் கண்ணும் பிறந்தநாள்காரர் பக்கம் போயிற்று. ஜுமாகாதீர் ஒரு நொடி கூடத் தடுமாறவில்லை. தொடையெலும்பைத் தட்டில் வைத்து, விரலை நக்கி, அறையின் மறுகோடியில் பெண்களோடு உட்கார்ந்திருந்த செயில்கானைக் காட்டினார்.

"என் முறையா? யாரு சொன்னது? அது முழுக்க முழுக்கச் செயில்கானோட முறை! நான் அப்பவே சொன்னேன், வேணாம்மா, அது ராணிப் பிள்ளை இல்லன்னு. கேட்டாளா? குழுகிட்டயே தைரியமா ராணியோட பிள்ளைங்கன்னு சொன்னவ அவதான். வேணும்னா ரிஸ்குலைக் கேளுங்க!"

ரிஸ்குலுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவள் எழுந்து வாயைத் திறப்பதற்குள் செயில்கான் அவள் பாவாடையைப் பிடித்து உட்கார வைத்தாள். அறை முழுவதும் காத்திருந்தது. இந்தப் பொம்பளையின் வாயிலிருந்து இப்போது என்ன புறப்படப் போகிறதோ என்று சிலர் போர்சோக்கை மென்றபடியே நிறுத்திவிட்டார்கள்.

"ஆமா," என்றாள் செயில்கான். "என்னோடதுதான்."

அப்படி ஒரு சிரிப்பு அந்த வீட்டில் அதற்கு முன் கேட்டதில்லை. முல்லா சிரித்தார், தலைமையாசிரியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார், அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் அத்தனை பேரும் வட்டியும் முதலுமாகச் சிரித்தார்கள். ஜுமாகாதீர் சிரித்ததில் பதக்கம் குலுங்கியது. காது கேளாத தபால்காரர்கூட மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

வெளியே வந்ததும் ரிஸ்குல் அழுதுவிட்டாள். "எஜே, ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? இனிமே குளிர்காலம் முழுக்க வீட்டுக்கு வீடு இதையே சொல்லிச் சிரிப்பானுங்க."

"சிரிக்கட்டும்டி," என்றாள் செயில்கான். "சிரிக்கறதுக்கு வீடு இருக்குல்ல."